அகல்யாபாய் அம்மையாரின் தர்மக் கணக்கு

காசியில் விசுவநாதரைத் தரிசித்து, கயையில் விஷ்ணு பாதத்தில் பிதிர்க்கடன் தீர்த்து, சௌராஷ்டிரக் கடற்கரையில் சோமநாதரை வணங்கி மீளும் யாத்திரிகர்கள் அம்மூன்று தலங்களிலும் ஒரே பெயரைக் கேட்டு வருவர். அப்பெயருடையார் அத்தலங்களில் எதனையும் ஆண்டவர் அல்லர். நருமதைக் கரையில் மகேசுவரம் என்னும் சிற்றூரில் வெள்ளாடை உடுத்து வாழ்ந்த ஒரு கைம்பெண்மணியார். ஹோல்கார் மரபின் அரசியாகிய அகல்யாபாய் அம்மையார். திருப்பணி என்ற சொல் எழும் இடமெல்லாம் அவ்வம்மையாரின் பெயரும் எழுவது வழக்கமாகிவிட்டது. ஆயினும் அவர் எவ்வெவற்றைக் கட்டினார் என்பதை அறிந்தோர் பலர். எப்பொருளைக் கொண்டு கட்டினார், எதற்குக் கொடுத்தார், எதற்குக் கொடுக்க மறுத்தார் என்பவற்றை அறிந்தோர் சிலரே.

அம்மையார் 1725-ஆம் ஆண்டு மே மாதம் 31-ஆம் நாள், மராட்டிய நாட்டில் சோண்டி என்னும் கிராமத்தில் பிறந்தார். அவ்வூர் அடங்கிய அகமதுநகர் மாவட்டத்துக்கு அண்மையில் அகல்யாநகர் என்று அவர் பெயரே சூட்டப்பெற்றுள்ளது. தந்தையார் மாங்கோஜி சிந்தே அவ்வூர்ப் பட்டேல். ஆடு மேய்க்கும் தங்கர் குலத்தினர். பெண்களுக்குக் கல்வி கற்பிக்கும் வழக்கமில்லாத அந்நாளில் தம் மகளுக்கு எழுத்தறிவித்தவர் அவர். ஹோல்கார் மரபை நிறுவிய மல்ஹார் ராவ் புனே நகருக்குச் செல்லும் வழியில் அவ்வூரில் தங்கினார் என்றும், கோயிலில் தொண்டு செய்து நின்ற சிறுமியின் அடக்கத்தைக் கண்டு தம் மகன் காண்டே ராவுக்கு மணம் பேசினார் என்றும் வழிவழியாகச் சொல்லி வருகின்றனர். 1733-ல் திருமணம் நிகழ்ந்தது.

மாமனார் வீட்டில் அம்மையாருக்குக் கிடைத்த பெரும் பேறு கணக்கு எழுதக் கற்றதே எனலாம். மல்ஹார் ராவ் ஆண்டின் பெரும் பகுதியைப் போர்க்களத்தில் கழிப்பவர். வரிப் பணம், படைச் செலவு, பீரங்கிக்கு மருந்து, குதிரைக்குத் தீவனம் என்று எல்லாவற்றையும் ஊரிலிருந்து கவனிக்கும் பொறுப்பு மெல்ல மெல்ல மருமகளின் கையில் வந்து சேர்ந்தது. 1754-ல் கும்பேர்க் கோட்டை முற்றுகையில் காண்டே ராவ் பீரங்கிக் குண்டுக்கு இரையானார். அம்மையார் உடன்கட்டை ஏறத் துணிந்தபொழுது முதியவராகிய மாமனார் கண்ணீர் பெருக்கித் தடுத்தார். 1766-ல் மல்ஹார் ராவும் காலமானார். பேரன் மாலே ராவ் பட்டத்துக்கு வந்து, ஓராண்டு நிரம்புமுன் 1767-ல் சித்தம் கலங்கி இறந்தான்.

இம்மாலே ராவைப் பற்றி ஒரு செய்தி உண்டு. மத்திய இந்தியாவின் வரலாற்றை 1823-ல் நூலாக வெளியிட்ட ஆங்கிலத் தளகர்த்தர் சர் ஜான் மால்கம், அம்மையாரை நேரில் அறிந்திருந்த முதியோரிடம் கேட்டு அதனை எழுதிவைத்துள்ளார். தாய் நாள்தோறும் வேதியர்க்கும் ஏழைகட்கும் ஈந்து வர, மகனோ தானமாகக் கொடுக்கும் செருப்பிலும் துணியிலும் தேள்களை ஒளித்து வைத்தும், பணம் நிறைந்த குடத்துள் தேளை இட்டு அதில் கைவிடச் செய்தும், அவர்கள் துடிப்பதைக் கண்டு நகைத்தானாம். ஈகையைப் பெற்ற மகனே எள்ளி நகையாடியதைக் காணும் துயரம் அத்தாய்க்கு வாய்த்தது. தானம் என்ற பெயரால் ஏற்பவனை இழிவுபடுத்தலும் கூடும் என்பதை அவர் வேறெங்கும் சென்று கற்க வேண்டியிருக்கவில்லை.

மகன் மறைந்ததும் அரண்மனையின் பழைய திவான் கங்காதர யசுவந்தர் ஒரு சூழ்ச்சி செய்தார். உறவினருள் ஒரு சிறுவனைத் தத்தெடுத்துக் கொள்ளுமாறும், அரசியலைத் தம்மிடம் விட்டு ஒதுங்கியிருக்குமாறும் அம்மையாரை வேண்டினார். அவர் மறுக்கவே, பேஷ்வாவின் சிறிய தந்தை ரகுநாத ராவைப் படையோடு வரவழைத்தார். அம்மையார் அஞ்சினாரல்லர், தம் படையைத் திரட்டினார், அண்டை மராட்டியத் தலைவர்களுக்கு ஓலை விடுத்தார், ஒரு கைம்பெண்ணோடு பொருது வென்றாலும் புகழில்லை, தோற்றாலோ தீராப் பழி என்று ரகுநாத ராவுக்குத் தெரிவித்தார். அவரும் துக்கம் விசாரிக்க வந்ததாகச் சொல்லித் திரும்பினார். படைத்தலைமையைத் துக்கோஜி ஹோல்காரிடம் ஒப்புவித்து, நாட்டாட்சியைத் தம்மிடம் வைத்துக்கொண்டு, மகேசுவரத்தைத் தலைநகராக்கி, அம்மையார் 28 ஆண்டுகள் ஆண்டார்.

இனிக் கணக்குக்கு வருவோம். ஹோல்கார் அரசில் இரண்டு கருவூலங்கள் இருந்தன. ஒன்று தௌலத்; அது நாட்டின் பொதுப் பணம்; படைக்கும் ஆட்சிக்கும் உரியது. மற்றொன்று காஸகி, அது அரசியின் சொந்தப் பொருள். 1734-ல் பேஷ்வா பாஜிராவ், மல்ஹார் ராவின் மனைவி கௌதமாபாய்க்கென்று தனியாகச் சில ஊர்களை விட்டுக்கொடுத்தார். ஆண்டுக்கு ஏறக்குறைய 3 லட்சம் ரூபாய் வருவாய் தரும் மானியம் அது. மாமியாருக்குப் பின் அது மருமகளுக்கு வந்தது. அகல்யாபாய் அம்மையார் செய்த அறங்கள் இக்காஸகிப் பொருளிலிருந்தே செய்யப்பெற்றன. தம் கைக்கு வந்த சொந்தச் செல்வத்தின்மீது துளசி இலையும் நீரும் இட்டு அதனை அறத்துக்கென்று தாரை வார்த்துவிட்டார் என்று மால்கம் குறிப்பிடுகின்றார். பொதுப் பணம் பொதுக் கணக்கிலேயே நின்றது.

எளிதாகக் கடந்து செல்லத்தக்க செய்தியன்று இது. நாட்டுக் குடிகளிடம் வாங்கிய வரியை அள்ளி வீசிக் கொடைவள்ளல் என்று பெயரெடுத்த மன்னர்கள் எந்நாட்டிலும் உண்டு. அவர்கள் கொடுத்தது பிறர் பொருள். அம்மையார் தம் பங்கு இது, நாட்டின் பங்கு இது என்று கோடு கிழித்து, கோட்டுக்கு இப்பால் நின்றே கொடுத்தார். ஒரு தலத்தில் கோபுரம் எழும்பியதற்காக மாளவத்து உழவன் ஒரு காசு மிகுதியாக இறுக்க நேர்ந்ததில்லை. வரியை மிதமாக வைத்ததும், ஊர் அதிகாரிகளின் பரம்பரை உரிமைகளைப் பேணியதும் அவருடைய ஆட்சியின் சிறப்புகளாகவே சொல்லப்படுகின்றன.

அறத்துக்கு வரும் பொருள் எவ்வழியில் வந்தது என்பதிலும் அவருக்குக் கூரிய கருத்திருந்தது. மக்கட்பேறின்றி இறந்த செல்வனுடைய பொருளில் அரசு ஒரு பங்கு கவர்வதும், கைம்பெண் தத்தெடுக்க இசைவு கேட்டால் அதற்குப் பெருந்தொகை காணிக்கை வாங்குவதும் அக்காலத்து வழக்கம். ஒரு செல்வக் குடும்பத்துக் கைம்பெண்ணிடம் அமைச்சர் ஒருவர் அவ்வாறு பணம் கேட்டபொழுது, அப்பெண் மகேசுவரத்துக்கு ஓடிவந்து முறையிட்டாள். அம்மையார் அவ்வமைச்சரைப் பதவியினின்று நீக்கினார். தத்தெடுத்த குழந்தையைத் தம் மடிமீது இருத்தி, ஆடையும் அணியும் அளித்து, பல்லக்கில் ஏற்றி அனுப்பினார். வேறொரு முறை கர்கோன் நகரத்துச் செல்வச் சகோதரர் இருவர் மக்களின்றி இறக்க, அவர்தம் மனைவியர் தங்கள் பொருள் முழுவதையும் அம்மையாருக்கே கொடுக்க முன்வந்தனர். அப்பொருளைப் பெற்று மற்றொரு கோயிலைத் தம் பெயரால் கட்டியிருக்கலாம். அவரோ அதனைத் தொடவில்லை; அவர்கள் ஊரிலேயே அவர்கள் கையாலேயே அறப்பணிகள் செய்யுமாறு அறிவுறுத்தினார். அந்நகரில் படித்துறையும் கோயிலும் அவ்வாறு எழுந்தன.

அவர் பொழுதைக் கழித்த முறையும் தெரிந்துகொள்ளத்தக்கது. விடியலுக்கு ஒரு நாழிகைக்கு முன்பே எழுவார். நீராடிப் பூசை முடித்துப் புராணம் கேட்பார். பின் தம் கையால் பிச்சை இட்டு, வேதியர் பலருக்கு உணவு படைத்த பிறகே தாம் உண்பார். அவருடைய குலத்தில் புலால் விலக்கில்லை. ஆயினும் அவர் மரக்கறி உணவே கொண்டார். பிற்பகல் 2 மணிக்கு அவைக்கு வந்தால் மாலை 6 மணி வரையில் வழக்குகளைக் கேட்பார். இரவு 9 மணிக்கு மீண்டும் அரசியல் அலுவல். 11 மணிக்குத் துயில். அரசியின் செவிக்கு எட்டாத முறையீடு இல்லை என்று குடிகள் நம்பினர். கொடை, நீதி இரண்டும் அவருக்கு ஒரே நாளின் இரு வேளைகளாக அமைந்தன. காலையில் ஈந்த கையே மாலையில் வழக்கைத் தீர்த்தது.

நாள்தோறும் ஈவது ஒருபுறமிருக்க, பருவந்தோறும் ஈயும் முறையொன்றும் வகுத்திருந்தார். கோடை வந்தால் வழிகளில் ஆட்கள் நிறுத்தப்பெற்றுப் போவோர் வருவோர்க்குத் தண்ணீர் அளித்தனர். குளிர் தொடங்கினால் முதியோர்க்கும் நோயாளர்க்கும் துணிகள் வழங்கப்பெற்றன. திருவிழா நாள்களில் தாழ்ந்த நிலையிலுள்ளோர்க்கென்றே விருந்து நடைபெற்றது. வாயில்லா உயிர்களையும் அவர் மறந்தாரில்லை. மகேசுவரத்தைச் சூழ்ந்த வயல்களில் நண்பகல் வெயிலில் உழவன் ஏர் ஓட்டிக்கொண்டிருக்கும்பொழுது, அம்மையாரின் ஏவலாள் ஒருவன் வந்து ஏரை நிறுத்தச் செய்து மாடுகளுக்குத் தண்ணீர் காட்டிச் செல்வானாம். விளைந்த வயல்களில் இறங்கும் பறவைகளை உழவர் ஓட்டிவிடுகின்றனர். உழவர்மேல் குற்றமில்லை, அது அவர்கள் பிழைப்பு. பறவைகள் என் செய்யும்? அம்மையார் சில வயல்களை விளைச்சலோடு விலைக்கு வாங்கிப் பறவைகளுக்கென்றே விட்டுவிட்டார். உழவனுக்கும் நட்டமில்லை, குருவிக்கும் பசியில்லை. நருமதை மீன்களுக்கும் நாள்தோறும் இரை கிடைத்தது. அந்தப் பறவை வயலின் கதையைக் கேட்டுச் சிரிப்போரும் உண்டு. ஆனால் இரண்டு உயிர்களின் வழக்கில் இருவருக்கும் இழப்பின்றித் தம் பணத்தைக் கொண்டு தீர்ப்புச் சொன்ன திறம் எத்தனை அவைகளில் காணக்கூடும்?

இனி, அவர் தேர்ந்தெடுத்த தலங்களைக் காண்போம். மல்ஹார் ராவுக்குக் காசியில் விசுவநாதருக்குக் கோயில் எழுப்பவேண்டும் என்ற எண்ணம் இருந்தது, கைகூடவில்லை. 1669-ல் ஔரங்கசீப்பின் ஆணையால் இடிக்கப்பட்ட அத்திருக்கோயில் ஒரு நூற்றாண்டுக்கு மேலாக எழாதிருந்தது. அம்மையார் பழைய இடத்தின் பொருட்டு வழக்கும் கலகமும் விளைவிக்காமல், அதனை அடுத்த நிலத்தில் புதிய கோயிலைக் கட்டி 1780-ல் நிறைவேற்றினார். இறைவனுக்குப் பூசை நடக்கவேண்டும் என்பதே அவர் கண் வைத்த இடம். அக்கோயிலின் சிகரங்களுக்குப் பிற்காலத்தில் பஞ்சாப் மன்னர் ரஞ்சித் சிங் பொன் அளித்தார். 2021-ல் அவ்வாலய வளாகம் விரிவுபடுத்தப்பட்டபொழுது அம்மையாருக்கு அங்கே சிலை வைக்கப்பெற்றது. சோமநாதத்திலும் அவர் கையாண்ட முறை அதுவே. பாழடைந்து கிடந்த பழைய கோயிலை விட்டுச் சற்று விலகி 1783-ல் ஒரு கோயில் அமைத்து, பகைவர் கண்ணுக்குப் படாதவாறு சிவலிங்கத்தை நிலத்துக்குக் கீழே உள்ள அறையில் எழுந்தருளச் செய்தார். பெரிய கோயில் 1951-ல் மீண்டும் பிரதிஷ்டை கண்டது. அம்மையார் கட்டிய சிறு கோயிலிலும் இன்றளவும் விளக்கு எரிகின்றது.

கயையில் விஷ்ணு பாதக் கோயில் 1787-ல் அவரால் கருங்கல்லில் எழுப்பப்பெற்றது. எல்லோராவுக்கு அருகில் கிருஷ்ணேசுவரர் ஆலயத்தைப் புதுப்பித்தார். காசியில் மணிகர்ணிகை, தசாசுவமேதம் ஆகிய துறைகளில் படிகள் சமைத்தார். வடக்கே கேதாரம், மேற்கே துவாரகை, கிழக்கே ஜகந்நாதம், தெற்கே இராமேசுவரம் என நாட்டின் நான்கு எல்லைகளிலும் அவருடைய அறம் சென்றது. இவற்றுள் பெரும்பாலானவை பிறர் ஆட்சியில் இருந்த ஊர்கள். தம் நாட்டு எல்லைக்குள் ஒரு பெருங்கோயில் கட்டிக் கல்வெட்டில் புகழ் பொறித்துக்கொள்வது அரசர் இயல்பு. அம்மையார் தெரிந்துகொண்டதோ யாத்திரிகன் நடக்கும் வழி. எங்கே அவன் நீராட இறங்கும்பொழுது கால் வழுக்குமோ அங்கே படித்துறை. எங்கே இரவில் ஒதுங்க இடமின்றி வாடுவானோ அங்கே தருமசாலை. எங்கே நீரின்றி நாவறளுமோ அங்கே கிணறு. பூசை நின்ற இடத்தில் கோயில். அவர் கொடைப் பட்டியலைப் படிப்போர் கோயில்களுக்கு இணையாகக் கிணறுகளும் படித்துறைகளும் நிறைந்திருப்பதைக் காண்பர்.

கட்டியதோடு அவர் கைகழுவி விடவில்லை. ஒவ்வொரு தலத்திலும் பணியாளரை நியமித்து, ஆண்டுதோறும் அங்கே அறம் செய்யத் தொகையும் அனுப்பிவந்தார். கங்கைக்கு நெடுந்தொலைவில் உள்ள தென்னாட்டுக் கோயில்களின் இறைவர்க்கு அபிஷேகம் செய்யக் கங்கை நீரைக் காவடிகளில் முறையாகக் கொண்டு சேர்க்கவும் ஏற்பாடு செய்திருந்தார். குடமுழுக்குக் காண்பது எளிது. நித்திய பூசைக்கு வழி செய்வதன்றோ கடினம்! இதனைத் திருப்பணியில் ஈடுபட்ட எவரும் ஒப்புவர்.

யாத்திரை வழி கள்வர் பயமின்றி இருக்கவேண்டுமே! விந்திய மலைப் பகுதியில் பில்லர் என்னும் வேட்டுவக் குடியினர் வழிப்பறி செய்துவந்தனர். அம்மையார் முதலில் படை கொண்டு அடக்கினார். பின்னர் அவர்களுடைய மலை வழியே செல்லும் சரக்குகளுக்குச் சிறு சுங்கம் வாங்கிக்கொள்ளும் பழைய உரிமையை அவர்கட்கே அளித்து, அதற்கு ஈடாக வழிக்காவல் பொறுப்பை அவர்கள் தலையில் சுமத்தினார். கொள்ளையிட்டவர்களே காவலர் ஆயினர்.

இவ்வளவு ஈந்தவர் புகழுரைக்கு ஒரு காசும் ஈந்தாரில்லை. வேதியப் புலவர் ஒருவர் அம்மையாரைப் புகழ்ந்து ஒரு நூல் இயற்றி வந்து அரங்கேற்றினார். முற்றும் பொறுமையோடு கேட்டிருந்து, பாவம் நிறைந்த பேதைப் பெண்ணாகிய தமக்கு இத்துதி தகாது என்று கூறி, அந்நூலை நருமதையில் எறியச் செய்தார். புலவர் வெறுங்கையோடு திரும்பினார். அவர்பால் இரக்கம் தோன்றுவது இயல்பே. பாவம், எத்தனை இரவு விளக்கெரித்து எழுதினாரோ! ஆயினும் ஏழைக்கென்று தாரை வார்த்த பொருளில் தம் புகழுக்குப் பங்கு வைப்பதில்லை என்ற அம்மையாரின் உறுதியை அதனால் உணரலாம். அரசாணைகளிலும் தம் பெயரை எழுதாமல் ஸ்ரீ சங்கரனுடைய ஆணை என்றே எழுதச் செய்தார்.

அவர் வாழ்நாளிலேயே அவர்மேல் ஒரு குறை சொல்லப்பட்டது. இன்றும் சிலர் சொல்வர். வடக்கே மராட்டியத் தலைவர்கள் புதுமுறைப் படைகளைத் திரட்டிக்கொண்டிருந்த காலம் அது. துக்கோஜி பணம் பணம் என்று மகேசுவரத்துக்கு எழுதியவண்ணம் இருந்தார். அம்மையார் முன் கொடுத்ததற்குக் கணக்குக் கேட்டவண்ணம் இருந்தார். இருவருக்கும் இதனால் மனத்தாங்கல் உண்டு. 1793-ல் லாகேரி என்னுமிடத்தில் சிந்தியாவின் படையிடம் துக்கோஜியின் படை படுதோல்வி அடைந்தது. அறத்துக்கு இறைத்த பொருளைப் பீரங்கிக்குச் செலவிட்டிருந்தால் அத்தோல்வி நேர்ந்திராது என்பது குறை சொல்வோர் வாதம். இவ்வாதத்தைப் புறக்கணித்தல் நேர்மையாகாது; தோல்வி உண்மை, படைக்குப் பணம் போதாமையும் உண்மை. எனினும் படைச் செலவு தௌலத்தின் பொறுப்பு என்பதையும், அப்பணத்துக்குத் துக்கோஜி ஒழுங்காகக் கணக்குக் காட்டவில்லை என்பதையும் உடன் வைத்துப் பார்த்தல் வேண்டும். இக்கேள்வியை மால்கமும் விசாரித்தார். அறத்தில் செலவான தொகையைப்போல் இருமடங்கு படையில் கொட்டியிருந்தாலும், பகைவர்கள் ஒரு தலைமுறைக் காலம் கைவையாமல் விட்ட அந்த அமைதி மாளவத்துக்குக் கிடைத்திருக்குமா என்பதே அவருக்குக் கிடைத்த விடையின் கருத்து. அவரைத் தாக்குவதைப் பாவமென்று அண்டை அரசர்கள் கருதினர்.

அம்மையாரின் முதுமை துன்பத்தில் கழிந்தது. எஞ்சியிருந்த ஒரே மகள் முக்தாபாய். அவளுடைய மகன் இளமையில் இறந்தான். 1791-ல் கணவனும் இறந்தான். முக்தாபாய் உடன்கட்டை ஏறத் துணிந்தாள். ஒரு காலத்தில் தம்மை மாமனார் தடுத்ததுபோல, இன்று அம்மையார் தம் மகளின் காலில் விழாக்குறையாக வேண்டினார். மகளோ, தாய்க்கு முதுமை, இன்னும் சில ஆண்டில் அறம் நிறைந்த அவ்வாழ்வு முடியும், அதன்பின் தனக்கு யார் துணை என்று பணிவோடு மறுத்துவிட்டாள். அம்மையார் ஊர்வலத்தோடு நடந்து சென்று சிதையருகில் நின்றார். இரு வேதியர் அவர் கைகளைப் பற்றியிருந்தனர். தீ எழுந்தபொழுது உறுதி கலைந்து அலறிக் கைகளை விடுவிக்க முயன்றார் என்பர். மூன்று நாள் உணவின்றிப் பேச்சின்றி இருந்தார். ஆயிரம் பேர் கண்ணீரைத் துடைத்த கைக்கு இந்த ஒரு நெருப்பை அணைக்க இயலாமற் போயிற்று. மகேசுவரத்து ஆற்றங்கரையில் மகளுக்கென்று அவர் கட்டிய நினைவு மண்டபமே பிறகு அவருக்கு ஆறுதலாயிற்று.

கடும் விரதங்களால் உடல் தளர்ந்து, 1795-ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம் 13-ஆம் நாள், தம் 70-ஆம் வயதில் அம்மையார் சிவபதம் எய்தினார். ஈராண்டில் துக்கோஜியும் மறைய, வாரிசுச் சண்டையும் கொள்ளையும் மாளவத்தைச் சூறையாடின. தௌலத் கரைந்தது, அரசும் சுருங்கி, 1948-ல் மத்திய பாரதத்தோடு இணைந்தது. காஸகி அறங்களோ அரசு மறைந்த பின்னும் மறையவில்லை. அவற்றைப் பராமரிக்க 1962-ல் ஓர் அறக்கட்டளை ஏற்பட்டது. நாடு முழுவதும் பரந்துள்ள கோயில்களும் தருமசாலைகளும் படித்துறைகளும் அதன் பொறுப்பில் வந்தன. அச்சொத்துகளில் சில விற்கப்பட்டது பற்றி வழக்கெழுந்து, 2022-ல் உச்ச நீதிமன்றம் வரையில் சென்றது. அவ்வறக்கட்டளை பொது அறநிலையச் சட்டத்துக்கு உட்பட்டதே என்று தீர்ப்பாயிற்று. துளசியும் நீரும் இட்டுத் தாரை வார்த்த பொருளுக்குக் கணக்குக் கேட்கும் வேலை இன்னும் முடிந்தபாடில்லை.

மகேசுவரத்துக் கோட்டையில் அம்மையார் தொடங்கிவைத்த இலிங்கார்ச்சனை நாள்தோறும் காலையில் நடந்து வருகின்றது. அர்ச்சகர்கள் கரிய மண்ணைப் பிசைந்து சிறு சிறு இலிங்கங்கள் ஆயிரக்கணக்கில் பிடித்து, பலகைகளில் வரிசையாக வைத்துப் பூசிக்கின்றனர். பூசை முடிந்ததும் அவற்றைப் படித்துறைக்குக் கொண்டு சென்று நருமதையில் கரைத்துவிட்டு, மறுநாள் மண்ணுக்கு ஆயத்தம் செய்கின்றனர்.